லாத்தாவுக்குக் கோடு இல்லை

தபால்வழி மாணவர்களின் இணைய விவாதத்தை எங்கள் கல்லூரியில் இப்போது ஒரு மென்பொருள் படமாக வரைகிறது. ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இருவர் பேசிக்கொண்டால் நடுவே ஒரு கோடு. கோடு இல்லாதவருக்கு அகமதிப்பெண் இல்லை. அது இல்லாவிட்டால் தேர்வும் இல்லை.

படத்திலேயே பெரிய புள்ளி நான்தான். விவாதத்துக்குக் கேள்வி கேட்ட ஆசிரியர் என்பதால் அத்தனை ‘ஆமா சார்’களும் என் கணக்கில் ஏறியிருந்தன. வீட்டில் கேட்டதற்குப் பதில் கிடைக்காத மனிதன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் அநாதையாகக் கிடந்தது. மேலப்பாளையத்துப் பெண்மணி. வகுப்பில் மூத்தவர், கணவர் துபாயில். இந்த முறை தேர்வு எழுதாவிட்டால் படிப்பு போதும் என்று மாமனார் சொல்லியிருப்பதை, படிப்பில் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார்.

நம்ப முடியாமல் விவாதம் முழுவதையும் வாசித்தேன். எல்லாரும் அவரை லாத்தா, அதாவது அக்கா என்றே அழைத்திருந்தார்கள். “லாத்தா சொன்னதுதாம்லே சரி.” “லாத்தா, சார் எழுதுனது ஒண்ணும் வெளங்கல, நீங்க சொல்லுங்க.” அவரும் சளைக்காமல், “தங்கச்சி, பைய வாசிம்மா,” “தம்பி, இங்கன பாருங்க” என்று விளக்கியிருந்தார்.

மென்பொருளுக்கோ கேள்விக்கு நேர்கீழே எழுதினால் கேட்டவனோடு கோடு; மற்றவர்களுக்குள் என்றால் பெயரைச் சுட்டினால்தான் பேச்சு. அவர் எழுதியதெல்லாம் மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழேதான். சம வயதுக்காரர்கள் பெயர் சொல்லிச் சண்டை போட்டுக் கோடுகளை அள்ளியிருந்தார்கள். மூத்த பெண்ணை இந்த ஊரில் யார் பெயர் சொல்லி அழைப்பார்கள்?

துறைத்தலைவரிடம் ஓடினேன்.

“படத்துல கோடு இல்லையே, வே.”

“மரியாதைக்குப் பேரச் சொல்லல, சார்.”

“மரியாதைய எந்தக் கட்டத்துல போடச் சொல்லுதீரு? ஒருத்தருக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தணும். பரீட்சப் பட்டியல் போயாச்சு. நீருதான் பெரிய புள்ளியா இருக்கீருல்லா, பெறகென்ன?”

மாலையில் லாத்தாவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினார்.

“சரி சார். மாமா இனி விடமாட்டாஹ. வகுப்புப் பிள்ளையள்ட்ட இப்பம் சொல்லிராதீங்க, பரீட்ச நேரம்.”

அவருடைய புள்ளியை நீக்கிவிட்டுப் படத்தை மறுபடி அனுப்பினார்கள். ஒரு கோடுகூடக் குறையவில்லை. மறுநாள் விவாதத்தில், “லாத்தாவ எங்கன காணும்?” என்று ஒருவன் கேட்டிருந்தான். என் கேள்விக்கு நேர்கீழே எழுதியிருந்ததால், அந்தக் கோடும் எனக்கே வந்து சேர்ந்தது.