கொம்புக்குள் கேட்ட பெயர்

நான் குடிக்கிறவன் இல்லை. இருட்டறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவிகளைக் கூப்பிடுகிற கூட்டத்திலும் சேர்ந்ததில்லை. இது நடந்தது 1907, பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. லண்டனில், மதிய நேரத்தில். என்னுடன் மூன்று பேர் இருந்தார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் பெயர் சைலஸ் பென்ரோஸ். இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் தட்டின் தொடக்கத்தில் பாட்டின் பெயரையும் எழுதியவர் பெயரையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் அது என் வேலை. ஒலியைப் பிடிப்பதற்காகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கொம்புக்குள் கத்திவிட்டு, நாலே எட்டில் பியானோவுக்கு ஓடுவேன். என் பெயரை மட்டும் எந்தத் தட்டிலும் யாரும் சொன்னதில்லை. பியானோக்காரன் பெயர் யாருக்கு வேண்டும்?

ரூபர்ட் கிரிம்வுட் கடலோரக் கேளிக்கை மேடையில் கோமாளிப் பாட்டு பாடி ஆரம்பித்தவன். லண்டன் இசை நாடகங்களுக்கு ஆறு வருஷத்தில் நாற்பது பாட்டு எழுதினான். தெருவில் கறிக்கடைக்காரன்கூட அவற்றைச் சீட்டியடிப்பான். ஆனால் சுவரொட்டியில் இருப்பது ஃபாரன்ட் பெயர். அவர் அந்த நாடகங்கள் நடக்கும் கொட்டகையின் இசைத் தலைவர். எங்களிடம் மட்டும் கிரிம்வுட் தானே பாடி மூன்று தட்டுகள் பதிவு செய்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மோதிரத்தால் கொம்பை இரண்டு முறை தட்டுவான். டக்... டக்... பிறகு தன் பெயரைத் தானே சொல்வான்.

"கொம்பு என்ன உன் வீட்டுக் கதவா?" என்று ஒலி பதியும் மெழுகுத் தட்டைக் கவனிக்கும் காட்ஃப்ரே எரிந்து விழுவான்.

"ஆமாய்யா. என் பேர் உள்ள போறதுக்கு இருக்கிற ஒரே கதவு இதுதான்."

கடைசியாக அக்டோபரில் வந்தான். குரல் கரகரத்தது. 'மழைக்கு நன்றி, மேபல்' என்ற பாட்டை என் பியானோவில்தான் எழுதி முடித்தான். மறுநாள் தொண்டைக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றான்.

"இதையும் அந்த ஆளு தன்னோடதுன்னு சொல்லுவான், சைலஸ். நீ கொம்புல என் பேரைச் சொல்லிடணும். சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். சொல்வதற்கு என்ன கஷ்டம்?

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளியே மஞ்சள் மூடுபனி. நாடகத்தில் 'மேபல்' பாடும் நடிகை டில்லி வேன் வந்திருந்தாள். கூடவே ஃபாரன்ட்.

"எழுதியது ஃபாரன்ட். அப்படித்தான் சொல்லணும். புரியுதா, பென்ரோஸ்? இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆளு" என்றார் ஃபாரன்ட்.

எனக்கு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கொம்பில் ஃபாரன்ட் பெயரைத்தான் சொன்னேன்.

மணி 2.40. டில்லி பாடி முடித்தாள். மெழுகை ஒருமுறை ஓட்டிக் கேட்டால் அது கெட்டுவிடும், மறுபடி பாட வேண்டும். ஆனாலும் ஃபாரன்டுக்குத் தன் பெயரைக் காதால் கேட்டாக வேண்டும். காட்ஃப்ரே ஓட்டினான்.

பாட்டு இருந்தது. பியானோ இருந்தது. என் குரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்...

"நீ தள்ளி நின்னுருப்ப" என்றான் காட்ஃப்ரே.

தள்ளி நிற்கவில்லை. உதடு தகரத்தில் பட்டது. மெழுகு இளகுவதற்காக எப்போதும் சூடேற்றி வைத்திருக்கும் அறை அது. அந்தத் தகரம் மட்டும் சில்லென்று இருந்தது.

மணி 3.05. இரண்டாவது மெழுகு. மறுபடி ஃபாரன்ட் பெயரைக் கத்தினேன். ஓட்டினோம்.

டக்... டக்...

அவ்வளவுதான். பிறகு பாட்டு.

டில்லி என் கையைப் பிடித்தாள். "யாரு கண்ணா தட்டினது?"

யாருமே தட்டவில்லை.

மணி 3.25. "தள்ளுய்யா!" என்று ஃபாரன்டே கொம்புக்கு முன் நின்றார். தன் பெயரைத் தானே கத்தினார்.

ஓட்டினோம்.

டக்... டக்...

"சொல்லும் இசையும்... ரூபர்ட் கிரிம்வுட்."

தெளிவான குரல். கரகரப்பே இல்லை.

காட்ஃப்ரேயின் முகம் வெளுத்தது. ஃபாரன்ட் என் சட்டையைப் பிடித்தார். "வித்தை காட்டுறியாடா?"

எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தோடு கூடவே கோபமும் வந்தது. அவன் எழுதிய பாட்டுக்கு அவனே வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறதே!

இன்னும் பதியாமல் சூடாக இருந்தது ஒரே ஒரு மெழுகு.

மணி 3.40.

கொம்புக்குப் போனேன்.

"சொல்லும் இசையும் ரூபர்ட் கிரிம்வுட்!" தொண்டை கிழியக் கத்தினேன்.

ஓடிப்போய் வாசித்தேன். டில்லி பாடினாள், அப்படி அவள் மேடையில்கூடப் பாடியதில்லை.

முடிந்ததும் கொம்பைத் தொட்டேன், குளிர் போய்விட்டிருந்தது...

ஃபாரன்ட் மெழுகை உடைக்கப் பாய்ந்தார். டில்லி குறுக்கே நின்றாள். "உடைங்க பார்ப்போம். இன்னொரு தடவை பாட மாட்டேன். ராத்திரி நாடகத்துக்கும் வர மாட்டேன்."

அவர் கை இறங்கியது. தட்டு அச்சாகும் முன் அந்த அறிவிப்பைச் சுரண்டி எடுக்கும்படி தொழிற்சாலைக்கு எழுதினார். என்னை அன்றே வேலையிலிருந்து அனுப்பினார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு, 'மேபல்' பாட்டைச் சீட்டியடித்தபடியே படி இறங்கினேன்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் என்னை உட்காரச் சொன்னார்.

"மிஸ்டர் கிரிம்வுட் போய் ஒம்போது நாள் ஆச்சுங்க. புதைச்சாச்சு."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எப்படிங்க சொல்லுவாரு? அக்டோபர்லயே குரல்வளையை எடுத்துட்டாங்களே."

ஏப்ரலில் தட்டு கடைக்கு வந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் கொட்டை எழுத்தில் ஃபாரன்ட் பெயர். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். சுரண்டிய இடத்தில் இரைச்சல்தான் வரும் என்று நினைத்தேன்.

டக்... டக்...

"சொல்லும் இசையும் ரூபர்ட் கிரிம்வுட்."

என் குரல் இல்லை. அவன் குரல்.

அதோடு நிற்கவில்லை. நான் சொல்லாததை, அந்த அறையில் யாருமே சொல்லாததை, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வதுபோல அது சொன்னது...

"பியானோ... சைலஸ் பென்ரோஸ்."