ஞாயிற்றுக்கிழமை சேராது

என் அப்பா தைலமரம் வெட்டுகிறவர். கீரமங்கலத்துக்கு மேற்கே காடு காடாகக் குத்தகைக்கு எடுத்து வெட்டும் குழுவில் அவர்தான் தலையாள். முதல் வெட்டுப் போடுமுன் கோடாலி நுனியால் மரத்தில் ஒரு சிலுவை கீறுவார். "பிதா சுதன் பரிசுத்த ஆவி" என்பார். அடுத்த நொடி கோடாலி இறங்கும். மரத்தின் மேல் அவருக்கு அப்படி என்ன கோபமோ, பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெட்டுவார்.

வீட்டிலும் அதே கைதான். சோறு குழைந்தால் அம்மாவுக்கு அடி. மார்க்கு குறைந்தால் எனக்கு அடி. கோயிலுக்குப் பிந்தினால் ரெண்டு பேருக்கும். அடித்து முடித்துக் கை கால் கழுவிவிட்டு வந்து, எங்களை முட்டி போடவைத்து ஜெபமாலை சொல்லுவார். முதுகு எரிய எரிய "அருள் நிறைந்த மரியே" சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தவக்காலத்தில் மட்டும் எங்களுக்கு விடுதலை. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை கறி கிடையாது, சாராயம் கிடையாது, யார் மேலும் கை ஓங்குவதும் கிடையாது. அது அவருடைய ஒறுத்தல். ஒருமுறை தவக்காலத்தில் லாரிக்காரன் ஒருவன் அவரைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஈஸ்டருக்கு மறுநாள் லோடு ஏற்ற வந்தவனைத் தேடிப்போய் ரெண்டு பல்லைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். மறக்கிற ஆள் இல்லை.

நான் வயிற்றில் இருந்தபோது ஒரு மரம் அப்பாவின் இடுப்பில் விழுந்திருக்கிறது. அடியில் கிடந்தபடியே, பிழைத்தால் மூத்த பிள்ளையைச் சாமிக்குத் தந்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தார். நான் பிளஸ் டூ முடித்ததும் சாமியாருக்குப் படிக்கத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குருமடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே என்னிடம் யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் அப்பா முகம்தான் வந்தது. ரெண்டு வருடம் பொய்யாக வாயசைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

மூன்றாம் வருடத் தவக்காலத்தில் அம்மை போட்டு லீவில் வந்திருந்தேன். இதைவிட்டால் நேரம் வாய்க்காது என்று தோன்றியது. இப்போது சொன்னால் அடிக்க மாட்டார், பெற்ற பிள்ளையிடமாவது ஈஸ்டருக்குள் ஆறிவிடுவார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். "இப்பவே சொல்லிருடா. கைய ஓங்க மாட்டாரு."

அவர் காட்டுக்குப் போகாத நாள் ஞாயிறுதான். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்று சொன்னேன்.

"அப்பா, நான் குருமடத்துக்குத் திரும்பப் போகலப்பா."

"அம்ம முழுசா எறங்கட்டும். அப்பறம் போ."

"இல்லப்பா. இனிமே போகவே மாட்டேன். எனக்குச் சாமியார் ஆக இஷ்டமில்ல."

தட்டிலேயே கையைக் கழுவினார். எழுந்து போய்க் கதவு மூலையில் கிடந்த புதுக் கோடாலிக் காம்பை எடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா, தவக்காலம்ப்பா!"

"ஞாயித்துக்கெழம தவக்காலத்துல சேராது. புதுச்சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு."

எனக்கும்தான் தெரியும், அடக் கடவுளே! சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் நாற்பதுக்கு மேலே வரும். ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. குருமடத்தில் பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். அப்பா அப்படி எண்ணுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவோ பிரசங்கம் தொடங்கினாலே தூங்கிவிடுவாள்.

முதல் அடி தொடையில். ரெண்டாவது முதுகில். "சாமிக்குக் குடுத்தத நீ யார்ரா திருப்பி வாங்க? அவரு என் உசுரத் திருப்பிக் கேட்டா நீயா குடுப்ப?" என்று கத்திக்கொண்டே அடித்தார். அவர் கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது அடி தலைக்கு வந்தது. இடது கையைக் குறுக்கே நீட்டினேன். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. நான் அலறியதைக் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைத்தது.

நாலாவது அடிக்குக் காம்பு உயர்ந்தபோது அம்மா அடுப்பிலிருந்த கத்திரிக்காய்க் குழம்பைச் சட்டியோடு தூக்கி அவர் கழுத்தில் விசிறினாள். அப்பா காம்பைப் போட்டுவிட்டுத் துள்ளினார், சுவரில் மோதிக்கொண்டு விழுந்தார். கழுத்துத் தோல் அங்கேயே வழண்டது. இருபது வருடமாக "என்னங்க" என்றே கூப்பிட்டவள், சட்டியைக் கையில் பிடித்தபடி அவர் தலைமாட்டில் நின்று சொன்னாள்:

"நல்லாக் கேட்டுக்க. ஒனக்கு இனிமே ஞாயித்துக்கெழமையே கெடையாது. அடுத்த தடவ எண்ணெய்ச் சட்டி."

புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் என் கைக்குக் கட்டுப் போட்டார்கள், அவர் கழுத்துக்கு மருந்து போட்டார்கள். "ஆக்சிடெண்டா?" என்று நர்ஸ் கேட்டார். "இல்லம்மா. நான் இவன அடிச்சேன், இவன் ஆத்தா என்ன அடிச்சா" என்றார் அப்பா. பொய் சொல்ல மாட்டார், அது ஒன்றுதான் அவரிடம்.

அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை. ஈஸ்டர் வந்தது. அன்றோடு தவக்காலம் முடிகிறதே என்று காலையிலிருந்து எனக்கு உதறல். அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. அப்பா கறி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "நாளைக்குக் கெளம்பு. ஒம் பெட்டிய எடுத்துட்டு வருவோம்" என்றார். நம்பத்தான் முடியவில்லை.

குருமடத்தில் அதிபர் சாமியாரிடம் அவரேதான் பேசினார். "இவன் வரமாட்டான் சாமி. நேந்தது நானு. தண்டன எதுவும் உண்டுன்னா எனக்கே வரட்டும்." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

"மனசுல வச்சுக்கிட்டுத் திரியாத. திருப்பி அடிக்கணும்னா அடிச்சுக்க."

வேண்டாம்ப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வலது கை அவர் கன்னத்தில் விழுந்துவிட்டது. முழுப் பலத்தோடு. அவர் தள்ளாடிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். வாயோரம் ரத்தம். எனக்கு அப்போது சந்தோசமாக இருந்தது, ஒளிப்பானேன்.

எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஓடிவந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஏண்டா, பெத்தவனயா அடிக்கிற?"

"விடுங்க தம்பி" என்றார் அப்பா. "நான் கேட்டுத்தான் அடிச்சான்." எழுந்து பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

அதன்பின் அவர் சாகும்வரை யாரையும் அடிக்கவில்லை. போன வருடம் அடக்கம் பண்ணினோம். நான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன், பாவசங்கீர்த்தனமும் செய்கிறேன். கோபம், பொய், பொறாமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நான் அடித்த அந்த அடியை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம்.