அக்காவின் வலது கைக்காக: தாராவி, மாதுங்கா, செம்பூர்

மும்பை தாராவியில் இருக்கும் என் அக்கா செல்லம்மாளுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கால் தேறிவிட்டது. வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியும் யாரும் அசையவில்லை. காரணம், 'ஓபிடி செலவுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் தங்காமல் பார்த்துக்கொள்கிற வைத்தியத்துக்கு, இன்சூரன்ஸ் வராது' என்று அவள் மகனிடம் யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். போன சனிக்கிழமைதான் புத்தி வந்தது.

காலை 7.40க்கு நான் இருக்கும் கல்யாணில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினேன். சயான் வரை சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினைந்து ரூபாய். அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன். அக்கா புடவை கட்டி, பாலிசி காகிதங்களைப் பையில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மாதுங்காவுக்கு டாக்சியில் பத்து நிமிடம், அறுபது ரூபாய். பூக்கடைகளைப் பார்த்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி நோட்டு வாங்க அவள்தான் என்னை இங்கே நடத்திக் கூட்டி வருவாள். ரோடு தாண்டும்போது அவள் பிடிக்கிற பிடியில் என் மணிக்கட்டு சிவந்துவிடும்.

"ஒனக்கு இங்கதான் தோச வாங்கித் தருவேன். ஞாபகம் இருக்கால?"

"நீ பசிக்கலன்னு சொல்லுவ."

"பொய்தான் சொன்னேன்" என்று சிரித்தாள்.

நான் தேடி வைத்திருந்த இடம் பிசியோதெரபி கிளினிக். அதுவும் ஆக்குபேஷனல் தெரபியும் ஒன்றுதான் என்று நினைத்த ஆள் நான். "நடக்க வைக்கறதுதான் எங்க வேலை சார். பட்டன் போட, டம்ளர் பிடிக்கக் கையைப் பழக்கறவா செம்பூர்ல இருக்கா" என்று அங்கிருந்த பெண் முகவரி எழுதிக் கொடுத்தார். போகுமுன் போன் செய்து கேளுங்கள், என்னைப் போல அசடு வழியாதீர்கள்.

செம்பூர் ஏழு கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிடம், நூற்று எழுபது ரூபாய். வரவேற்பில் இருந்த அம்மா பாலிசியைப் புரட்டினார்.

"டிஸ்சார்ஜ் ஆகி அறுபது நாள் வரைக்கும் அதே வியாதிக்கான செலவ கேக்கலாம்னு போட்டிருக்கே சார். டாக்டர் லெட்டர் வேணும், அவ்ளோதான்."

அங்கிருந்தே இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டேன். கடிதமும் பில்லும் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். உறுதி தரவில்லை. கையில் இன்னும் பதினெட்டு நாள்.

தெரபிஸ்ட் இளம்பெண். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கை என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"சமைக்கணும், துணி துவைக்கணும்" என்றேன்.

"அவங்க சொல்லட்டும் சார்."

அக்கா யோசிக்கவே இல்லை. "சமைச்சதெல்லாம் போதும் தாயி. லோக்கல்ல கம்பியப் புடிச்சி நிக்கணும். கல்யாண்ல இவன் வீட்டுக்கு நானே போவணும். இவன் வரமாட்டான்."

குறையாகச் சொல்லவில்லை. நடப்பைச் சொன்னாள். இருபது வருடமாக மாதம் ஒரு ஞாயிறு கூட்டத்தில் நசுங்கி வந்தது அவள்தான். எனக்குத் தலை நிமிரவில்லை. தெரபிஸ்ட் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

கிளம்புகிறவர்களுக்கு: டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசி இரண்டையும் எடுத்துப் போங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் பிறகான செலவு எத்தனை நாள் வரை' என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். நோயாளியிடம் கேட்டால் நீங்கள் முந்தாதீர்கள்.

வாரம் இரண்டு நாள், ஒரு தடவைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். செவ்வாயும் வெள்ளியும் அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். அக்காவுக்காக நான் கேட்ட முதல் லீவு இதுதான்.