குடல்சவ்வும் என் வாயும்

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் வேலை செய்பவனுக்குக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும். அரூரில் ஒரு வயிற்று டாக்டரின் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக நான் டெக்னீஷியன். குழாயைக் கழுவுவதும் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதும் என் பொறுப்பு. கழுவுவதில் இதுவரை தப்பு வந்ததில்லை. வயிறு உப்பி வாழும் என் இனத்தவர்களே, விளக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்.

நீராகாரம்

மாதம்மாள் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிர் போடும் குடும்பம். இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம். புற்றுநோயோ என்று பயந்து வந்திருந்தார். குடல் சுத்தமாக இருந்தால்தான் குழாயில் ஏதாவது தெரியும். அதனால் முதல் நாள் இளநீர் மாதிரித் தெளிவானதை மட்டுமே குடிக்க வேண்டும். அதை நான் அழகு தமிழில் "நீர் ஆகாரம் மட்டும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் குடலில் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. டாக்டர் குழாயை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பரிசோதனை ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒரு வாரப் பயத்தை அக்கா தலையில் ஏற்றியவன் நான். போதாததற்கு, ஏன் சோறு சாப்பிட்டீர்கள் என்று அதட்டல் வேறு.

"நீங்க எழுதுனதுதானுங்க தம்பி. பழைய சோத்துல தண்ணிய ஊத்தி, வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு, மூணு சொம்பு நீராகாரம் குடிச்சனுங்க."

முட்டை வாடை

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தார். வாயு பிரிந்தால் அழுகிய முட்டை மாதிரி நாறுகிறதே, அந்த விஷம்தான் குடலை அரித்துவிட்டதா என்று கேட்டார். என் வாய்க்கு வேலை கிடைத்தது.

"குடலுக்குள்ள இருக்கற பாக்டீரியாதாங்க்கா அந்த வாயுவ உண்டாக்குது. அளவு மீறினா விஷம்தான். ஆனா உள்சவ்வு சும்மா இருக்காது" என்று ஆரம்பித்தேன். சவ்வின் மேல் வழவழவென்று ஒரு சளிப்பூச்சு. அதைத் தாண்டி வரும் வாயுவைச் சவ்வின் செல்கள் பிடித்து, கெடுதல் இல்லாத பொருளாக மாற்றிவிடும். கொஞ்சத்தை எரித்துத் தமக்கே சக்தியாக்கிக்கொள்ளும். கையை ஆட்டி ஆட்டி இருபது நிமிஷம் சொன்னேன். நடுவில், காலையில் தின்ற நாலு பருப்பு வடையும் என்னைக் கேட்காமல் குரல் கொடுத்தன. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உங்க சவ்வு தப்பிச்சுக்குமுங்க தம்பி. எங்க மூக்குக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்களே."

போச்சா?

குழாயில் பார்த்ததில் வெறும் மூலம்தான், வேறொன்றும் இல்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அக்காவிடம் சொல்லச் சொல்லி டாக்டர் என்னை அனுப்பினார். பரிசோதனைக்காக உள்ளே ஏற்றிய காற்றும் வெளியே போயாக வேண்டும். மயக்கம் தெளிந்து படுத்திருந்தவரிடம் நல்ல சேதியைச் சொல்லாமல், எல்லாரிடமும் கேட்கும் பழக்க தோஷத்தில் "அக்கா, போச்சா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "எல்லாம் போச்சுங்களா?" என்று அழ ஆரம்பித்தார். நான் பதறிப்போய், "ஐயோ, மூலம்தாங்க்கா! புத்து இல்ல! காத்துப் போச்சான்னு கேட்டேன்!" என்று கத்தினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்த சத்தம் வாசல் வரை கேட்டது.

"இப்பப் போச்சுங்க தம்பி. காத்தும் போச்சு, பயமும் போச்சு."

விஷத்தை வாங்கி ஒன்றுமில்லாமல் ஆக்குவது குடல்சவ்வின் வேலை என்றால், நல்ல சேதியைக்கூட விஷமாக்கிக் கொடுப்பதில் பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ளவன் நான்.