ஜமீலா வரைந்த கரை

அன்று காலை என் கைப்பேசியில் ஜமீலாவின் பெயர் வந்தது. கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுத்து, "சொல்லுளா" என்றேன். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவளுடைய தாயாரின் குரல்: "நான் உம்மா பேசுதேம்மா. அவ எந்திரிக்க மாட்டேங்கா."

நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. உம்மா கட்டிலருகே உட்கார்ந்து மகளின் பாதங்களை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டிருந்தார். "இப்பம் வரைக்கும் சூடு இருந்துச்சு கோமதி" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. நானும் உட்கார்ந்து இன்னொரு காலைத் தேய்த்தேன். அது குளிர்ந்து போயிருந்தது.

ஜமீலாவைக் குளத்துக் கூட்டங்களில் மட்டும் அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் எங்கள் கல்லூரியில் புவியியல் ஆசிரியை. நான் தமிழ்த்துறை. ஒரே வயது, ஒரே பேருந்து, மதியம் ஒரே மேசை. அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் சொன்ன பதில், "தேடி வந்தவனுக்கு வரைபடம் பாக்கத் தெரியல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்தால் கண்ணில் நீர் வந்துவிடும் அவளுக்கு.

அந்தப் பெருவெள்ளம் வந்தபோது பூலுடையான்குளத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் எப்படிக் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்து, நனைந்த மெத்தைகளைக் கரையில் காயப்போட்டிருந்த நாட்களில்தான் நம் குளத்துக் குழு கூடியது. நடைபாதை போடலாம், விளக்கு வைக்கலாம், படகு விடலாம் என்று எல்லோரும் உற்சாகமாகப் பேசினோம். வரைபடம் போட்டுத் தருவாள் என்று நான்தான் அவளை அழைத்துப் போயிருந்தேன். கடைசி வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து, "இது குளத்துக்குத் திட்டமா, கரைக்குத் திட்டமா?" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள்.

"நம்ம பேரப்பிள்ளைய காலத்துல மழை எப்படிப் பெய்யும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, தண்ணிக்கு எடம் விட்டு வைக்கணும். மொதல்ல ஆத்துலேர்ந்து வாற கால்வாயில சாக்கடை விழாம பாக்கணும். பெறவு குளம் நெறைஞ்சா வெளிய போற மறுகாலத் தொறக்கணும். விளக்கெல்லாம் அதுக்குப் பெறவு வச்சுக்கிடலாம்."

அன்றே அவளைத் தலைவியாக்கிவிட்டோம். விடுமுறை நாளெல்லாம் அவள் குளத்தைச் சுற்றினாள். பழைய நில வரைபடங்களை வாங்கிப் பார்த்தாள். வெள்ளம் எந்த வீட்டில் எந்த உயரம் வரை நின்றது என்று சுவரில் படிந்த சேற்றுக்கறையைப் பார்த்துக் குறித்தாள். குளம் முன்பு எதுவரை பரந்திருந்தது, இனி ஒரு தலைமுறைக்காவது எதுவரை பரவ விட வேண்டும் என்று ஒரு கோடு வரைந்தாள். அந்தக் கோட்டை எங்களுக்குக் காட்டிய அன்று அவள் முகம் வெளிறியிருந்தது. குழுவில் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சிதான் முதலில் கவனித்தார்.

"டீச்சர், இது உங்க வீடுல்லா?"

அவளுடைய வாப்பா மனை வாங்கிக் கட்டிய வீடு அது. மாடியை, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் காதர், சவூதியில் பல வருடம் பாடுபட்டுக் கட்டியிருந்தார். மனைவி மக்களோடு அவர் அங்கேதான் இருந்தார். உம்மாவும் ஜமீலாவும் கீழ்த்தளத்தில். கோடு அந்த வீட்டின் பின்சுவரைத் தாண்டி, வாசலுக்கும் வெளியே போயிருந்தது; முழு வீடும் குளத்துக்கு விட வேண்டிய இடத்தில் இருந்தது.

"ஒரு பத்தடி தள்ளி வரையுங்க டீச்சர். யாரு கேக்கப் போறா?" என்றார் அண்ணாச்சி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எங்க வீட்டுக்குப் பத்தடின்னா, அடுத்த வீட்டுப் பாத்திமாவுக்கும் பத்தடி குடுக்கணும். அதுக்கடுத்த சுடலைமுத்துக்கும் குடுக்கணும். பெறவு குளம் எங்கன இருக்கும் அண்ணாச்சி?"

காதர் அண்ணனிடம் அவளே போய்ச் சொன்னாள். துணைக்கு வா என்று என்னையும் அழைத்துப் போனாள். அவர் கத்தவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அதன் விளிம்பைக் கையால் தடவினார்.

"வெயில்ல நின்னு கட்டுனேன்ளா. ஒவ்வொரு செங்கலும் என் வேர்வ."

"தெரியும் காக்கா."

"தெரிஞ்சுமா வரைஞ்ச?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். "போயிரு. இனும இந்தப் படி ஏறாத" என்றார். அந்த வாரமே அவள் பாளையங்கோட்டையில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தாள். உம்மா தன் துணிமணிகளை மடித்து எடுத்துக்கொண்டு மகளோடு வந்துவிட்டார். "மகனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. இவளுக்கு யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னார்.

இதோடு அவள் நின்றிருந்தால், அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லி முடித்திருக்கலாம். குழுவில் சிலர், கோடு போட்டாகிவிட்டது, வீடுகளைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி மனுக் கொடுப்போம் என்றபோது, அவர்களிடமும் அதே பிடிவாதம் காட்டினாள். அவள் வகுப்பில், தோட்டத்தை மூடியதால் மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் படித்தாள். புது வீடு எப்படி இருக்கிறது என்று ஜமீலா ஒருநாள் அவளிடம் கேட்டாள். நானும் அருகில் இருந்தேன். "வீடு இருக்கு மிஸ். அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னா கூப்பிடுததுக்குப் பக்கத்துல தெரிஞ்ச ஆளு இல்ல" என்றாள் அந்தப் பெண். ஜமீலா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தின் முதல் பக்கத்தையே மாற்றச் சொன்னாள். திட்டத்தைத் தமிழில் எழுதும் வேலை என்னுடையது. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாற்று வீடுகள் இதே பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு தெருவில் இருந்தவர்கள் ஒரே தெருவில் சேர்ந்து குடியேற வேண்டும். சாவி கைக்கு வந்து, மின்சாரமும் தண்ணீரும் வந்து, குடும்பம் அங்கே அடுப்பு பற்றவைத்த பிறகே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும். "இதுக்கு ரொம்ப வருஷம் ஆகும்" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். "ஆகட்டும். குளத்துக்கு அவசரம் இல்ல. நமக்குத்தான் அவசரம்" என்றாள்.

இப்படியாக இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினாள். கரையோரத்துக்காரர்கள் சிலர் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சீக்கிரம் பூங்கா வேண்டும் என்றவர்கள், தன் வீட்டைக் காப்பாற்ற நாள் கடத்துகிறாள் என்றார்கள். அதைக் கேட்ட அன்று, பேருந்தில் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டு, "என்ன சொன்னாலும் தாங்கிருவேன்ளா. வீட்டக் காப்பாத்தத்தான்னு சொல்லுதாவ பாரு, அதத்தான் தாங்க முடியல" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் பேச முயல்வாள். அவர் எடுக்க மாட்டார். "அவ்வோ கோவம் நியாயந்தான்" என்பாள். அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்க விடமாட்டாள்.

போன கோடையில் திட்டத்தின் முதல் பகுதிக்கு ஒப்புதல் வந்தது. கால்வாயில் விழுந்த கழிவுநீரைத் திருப்பும் வேலை தொடங்கியது. மழை வந்தபோது, மறுகாலின் அடைப்பு நீங்கியிருந்த இடத்தில் தண்ணீர் தெளிவாகத் தாண்டி ஓடியதை நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்தாள். "குளிருதுளா, நீயும் வை" என்றாள். மாற்று வீடுகளுக்கு இடம் பார்க்கும் வேலை இப்போதுதான் நடக்கிறது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்று நண்பகலுக்கு முன் காதர் அண்ணன் வந்தார். அவரை உள்ளே விடுவதா என்று உறவினர்கள் உம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். உம்மா தலையசைத்தார். அவர் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்தது அவர்தான். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தெருமுனை திரும்பும்வரை அவருடைய குனிந்த முதுகு எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், அவ என்னையப் பத்தி எதுவும் சொல்லுவாளா?"

"உங்க கோவம் நியாயந்தான்னு சொல்லுவா."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "ஒருதரம் போன எடுத்திருக்கலாம்" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் அழுது முடிக்கும்வரை அருகில் நின்றேன்.

உம்மாவை அவர் தன்னோடு அழைத்துப் போனார். கோட்டுக்கு உள்ளே இருக்கும் அதே வீட்டுக்கு. ஆட்டோவில் ஏறுவதற்கு முன் திரும்பி, "அடுத்த கூட்டம் எப்பம்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"வருவேன். தங்கச்சி போயிட்டாங்கதுக்காக வீட்ட விட்டுக் குடுத்துருவேன்னு நெனைக்காதீங்க. சண்ட போடத்தான் வருவேன்."

"வாங்கண்ணே" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் ஜமீலா நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று குழு சொல்லியிருக்கிறது. எனக்கு வரைபடம் சரியாகப் பார்க்கக்கூடத் தெரியாது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு பிடிவாதங்கள். கோட்டை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. காதர் அண்ணனின் வீட்டிலிருந்து, அவருக்கு வேறு வீடு அமையும்வரை, ஒரு செங்கல்லைக்கூட உருவ விடக் கூடாது. இவை இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் எப்படி நடமாடினாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். வலிக்கிறது. அவளிடமே கேட்கலாம் என்றால், அவள் இல்லை.