சத்தம் போடும் கீபோர்டு

2005-ல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு அருகே நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நான்கு கம்ப்யூட்டர்களில் மூன்றுக்கு மெத்தென்ற புது கீபோர்டு. ஒன்றுக்கு மட்டும், அழுத்தினால் 'டக்' என்று சத்தம் போடும் பழைய கனத்த கீபோர்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் வருவார். வெளுத்த நீலச் சட்டை, வெடித்த விரல்கள். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகளுக்கு மெயில் அனுப்புவார். பழைய கீபோர்டு இருக்கும் இடத்தில்தான் உட்காருவார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"உப்புல கெடந்து வெரலு மரத்துப்போச்சுங்க. புதுசுல எழுத்து வுழுந்துச்சா இல்லையான்னே தெரியல. இது டக்குனு சொல்லிடுது."

கேம் ஆட வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். மெத்தென்ற கீபோர்டில் குறி தப்புகிறது என்பார்கள். ஒரு ஞாயிறு அதில் ஒருவர் துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தார். உப்பளக்காரர் ஒரு மணி நேரம் நின்றார். மகளுக்கு மறுநாள் பரீட்சையாம்.

"சொல்லுங்க, நானே அடிச்சித் தர்றேன்" என்றேன்.

"வேணாங்க. நீங்க அடிச்சா பொண்ணு கண்டுபிடிச்சிடும்."

இடம் கிடைத்ததும் ஒற்றை விரலால் கால் மணி நேரம் அடித்தார். அனுப்பிவிட்டு, மெயிலை மூடாமலே போய்விட்டார். 'பயப்படாம எழுது' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

யார் அடித்தாலும் திரையில் எழுத்து ஒன்றுபோலத்தான் தெரியும். அதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் அடித்திருந்தால் அந்தப் பெண் உண்மையிலேயே கண்டுபிடித்திருப்பாளோ என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது.