முத்தையாபுரத்து மாடியில் சண்டை கூடாது

கல்லூரியில் ஒரு செட்டில் சேருவதும் ஒரு படிப்புதான், ஆனால் இதில் அரியர் எழுத வழியில்லை. முத்தையாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர் கொண்ட செட்டுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். பழைய ஆட்கள் படித்து முடித்துப் போக, அந்த இடத்துக்குப் புது ஆட்கள் வருவார்கள். செட்டு மட்டும் அப்படியே இருக்கும். சேரலாமா என்று யோசிக்கும் தம்பிகளும், சேர்ந்துவிட்டு முழிக்கும் தம்பிகளும் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரே கேள்வி

வீட்டுக்காரர் ரொசாரியோ அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கீழ்வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். கல்யாணமாகாத பயல்களுக்கு வீடு கொடுக்க அந்தப் பக்கம் வேறு யாரும் தயாராக இல்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சண்டைச் சத்தம் கேட்டால் அன்றைக்கே காலி. வீடு போனால் செட்டு ஆளுக்கொரு திசையில் சிதறிவிடும் என்பதால், புதிதாக வருகிறவனிடம் நாங்கள் கேட்பதும் ஒரே கேள்வி: "கோவம் வந்தா என்னலே செய்வ?"

உடன்குடியிலிருந்து வந்த முத்துக்குமார் ரொம்ப யோசித்து, "சாப்பிட மாட்டேன்" என்றான். எங்கள் சமையல் பொறுப்பு காயல்பட்டினத்து சாகுல். அவன் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தான்: "இவனையே எடுங்கலே, அரிசி மிச்சம்!"

சண்டைக்கு டிக்கெட்

கோபம் வராமல் இருக்குமா? ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். யாருக்கு யார் மேல் கோபம் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இருவரும் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏற வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் பின் சீட்டில் உட்கார்ந்து திட்டித் தீர்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்ப வேண்டும்.

அதிகம் போய்வந்தது சாகுலும் முத்துக்குமாரும்தான். கிழக்கே துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால், அங்கே இறக்கும் நிலக்கரியின் தூசி மொட்டைமாடியில் படியும். அப்படி ஒருநாள் முத்துக்குமாரின் வெள்ளைச் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டு, சாகுல் தன் கைலியை மட்டும் எடுத்து வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகும் இருவரும் இறங்கவில்லை. கண்டக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பிமாரே, முடியலைன்னா திரும்பிப் போவவும் டிக்கெட் எடுத்துருங்க. சீட்டு காலியாத்தான் கெடக்கு."

பால் ஊற்றிய பாவம்

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு சாயங்காலம் மேல வாரேன், எல்லாரும் இருங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறாரோ என்று நினைத்தேன். வீட்டை விடுங்கள், இந்தப் பயல்களைப் பிரிவதை நினைத்தாலே தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் மனதைக் குளிர வைக்க, முத்துக்குமார் தன் ஊர்க் கருப்பட்டியை எடுத்துக் கொடுத்து காபி போடச் சொன்னான். சாகுல் கருப்பட்டியைக் கொதிக்கவிட்டான். அண்ணாச்சிக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று அந்தக் கொதியிலேயே பாலையும் ஊற்றினான். பால் திரிந்துவிட்டது. முத்துக்குமார் எட்டிப் பார்த்தான். எங்கள் சட்டமெல்லாம் அவனுக்கு மறந்து போனது.

"ஏலே, கருப்பட்டிக் காபில எவம்லே பால் ஊத்துவான்?"

"உங்க ஊர்ல மாடே இல்லைன்னு எனக்கு எப்படிலே தெரியும்?"

பஸ்ஸில் தீர வேண்டியதெல்லாம் அடுப்படியில் வெடித்தது. வெள்ளைச் சட்டையும் மறுபடி வந்தது. தடுக்கப் போன நானும் கத்தினேன். திரும்பிப் பார்த்தால், வாசலில் அண்ணாச்சி. அவர் உள்ளே வந்து, திரிந்த காபியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"சண்ட போடாதீயன்னா ஒரேயடியாவா போடாம இருப்பிய? வயசுப் பயக்க ஆறு பேரு இருக்கிய, ஒரு சத்தங் கெடையாது. போதைல கெடக்கானுவளோன்னு பயந்து, காலி பண்ணச் சொல்லத்தாம்லே வந்தேன்!"

ஆகவே தம்பிகளே, எந்தச் செட்டில் சேர்ந்தாலும், வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் அங்கே வாய்விட்டுச் சண்டை போட முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.